கொம்புச் சில்லு

சக்களத்தி வந்திருந்தால்கூடத் தைலம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்ச் சண்டை போட்டிருப்பாள். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சமே பெரிய ஒரு பிளாஸ்டிக் சில்லோடு எப்படிச் சண்டை போடுவது? மாசி மாதம், கரும்பு வெட்டு மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது அவளுக்கு வந்த வயிற்றெரிச்சல் அந்த ரகம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவளுக்கே தெரியும். சொல்ல முடியாததாலேயே அது இன்னும் எரிந்தது.

அவள் புருசன் இருசப்பன் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவன். திருவிழா வந்துவிட்டால் கள்ளக்குறிச்சி கோமுகி இன்னிசைக் குழுவில் கிதார் வாசிக்கிறவன். குழுவை நடத்திய அரங்கநாதன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தார். அந்தக் கடை வாசலில் பழியாய்க் கிடந்து, கேசட்டில் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்ட வித்தை அது. பகலில் கரும்பு வெட்டிய கை, சாயங்காலம் கம்பி மீட்டியது. ஊரில் அவனுக்கு இதனால் கொஞ்சம் மரியாதையும் நிறைய கேலியும் இருந்தன.

வாசிப்பில் அவனுக்கு ஒரு குறை. வெட்டுக்கத்தியைப் பிடித்துப் பிடித்து வலதுகைக் கட்டைவிரல் காய்ப்புக் காய்த்துச் செத்துப்போயிருந்தது. அதில் நெருஞ்சி முள் ஏறினால் மறுநாள் காலையில்தான் அவனுக்குச் சேதி போகும். கம்பியை மீட்டுகிற சில்லு தடியா, மெல்லிசா, முனை கூரா, மழுங்கலா என்று அந்த விரல் அவனுக்குச் சொல்லாது. அதையெல்லாம் சொன்னது தைலம்மாளின் காது.

அவன் பிளக்ட்ரம் என்பான். அவள் சில்லு என்பாள். சில்லு செய்ததும் அவள்தான். உடைந்த பிளாஸ்டிக் குடம், சோப்பு டப்பா, தேங்காய்த் தொட்டி, பல் போன சீப்பு எதையும் விட்டுவைக்கவில்லை. நறுக்கி, கத்தி தீட்டும் சாணைக்கல்லில் உரசி, ஒவ்வொன்றாய்க் கொடுப்பாள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து மீட்டுவான். அவள் அடுப்படியிலிருந்தே தீர்ப்புச் சொல்வாள்.

"இது ஒரசிக்கினு வருது. முனைய மழுக்கணும்."

"இது?"

"தொட்டி சத்தம். தடிச்ச கம்பிக்கு ஆவும், சன்னக் கம்பிக்கு ஆவாது."

"இது இன்னா சொல்லு."

"இதக் கொண்டி அடுப்புல போடு."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர்கள் கொஞ்சிக்கொண்டது இப்படித்தான். பூ வாங்கித் தருகிற புருசன் இல்லை அவன். ஆனால் அவள் சரி என்று சொல்லாத சில்லை மேடைக்கு எடுத்துப் போனதில்லை. அந்தக் கர்வம் தைலம்மாளுக்கு நகை போட்டதற்குச் சமமாக இருந்தது.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடிந்து வந்தவன், கைகால்கூடக் கழுவாமல் கிதாரை மடியில் வைத்து மீட்டினான். கருவாடு ஆய்ந்துகொண்டிருந்த தைலம்மாள் கையை நிறுத்திவிட்டாள்.

"இன்னா மாமா, சில்ல மாத்திட்டியா?"

"கேட்டுச்சா?"

"செவுடா நானு?"

"கண்ணகி வாங்கியாந்து குடுத்துச்சி. அக்கா வூட்டு வளைகாப்புக்குப் பாண்டிச்சேரி போயிருந்திச்சாம், அங்க கடையில பாத்துச்சாம். இதுதாண்டி நெச பிளக்ட்ரம். நாம இத்தினி நாளா கொடத்த நறுக்கி வாசிச்சிக்கினு கெடந்தம்."

கண்ணகி என்பவள் குழுவின் பாடகி. பகலில் தையல் கடையில் காஜா எடுத்து பட்டன் கட்டுகிறவள். தைலம்மாள் அவளை அதுவரை பார்த்ததில்லை.

"குடு, பாப்பம்."

காப்பி நிறத்தில் திட்டுத்திட்டாகப் புள்ளி விழுந்து, நடுவில் பொன் எழுத்தோடு பார்க்க அழகாகத்தான் இருந்தது. விரலால் அழுத்தினாள். வளைந்து கொடுத்தது.

"வெத்தலயாட்டம் வளையுதே?"

"வளையணும்னு சொல்லிச்சி கண்ணகி. கம்பியில முட்டக்கூடாதாம், பட்டு வளஞ்சி நழுவிடணுமாம். அப்பத்தான் பாட்டுக்குக் குறுக்க வராதாம். அந்தப் பொண்ணுக்கு இன்னா காதுன்ற நீ!"

திரும்பவும் மீட்டினான். தைலம்மாள் குனிந்து கருவாட்டுத் தலையைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள். நன்றாக இருக்கக் கூடாது என்று மாரியாத்தாளை வேண்டிக்கொண்டு கேட்டாள். நன்றாக இருந்தது. அவள் செய்து கொடுத்த எதையும்விட நன்றாக இருந்தது. அவனும் எப்படி என்று அவளைக் கேட்கவில்லை, வேறொருத்தி ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதே.

மறுநாள் கரும்புக் காட்டில் ஆண்கள் அடியோடு சீவிப் போட்டுக்கொண்டே முன்னால் போக, பெண்கள் பின்னால் தோகை கழித்துக் கட்டுக் கட்டினார்கள். தைலம்மாளுக்குக் கூட்டாளி ராஜாம்பாள். ராஜாம்பாள் வாயில் விழுந்த சேதி பொழுது சாய்வதற்குள் சங்கராபுரம் வரைக்கும் போய்ச் சேரும்.

"இன்னாடி, மூஞ்சி தொங்கிப்போயி கீது?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாதவ கட்டுற கட்டா இது? டிராக்டர்ல ஏத்துறப்ப அவுந்துக்கும், மேஸ்திரி நம்ம ரெண்டு பேரயும் பேசுவான். சொல்லுடி."

"அந்தப் பாட்டுக்காரி கண்ணகி எங்க மாமாவுக்குப் பாண்டிச்சேரியிலேர்ந்து ஒரு சில்லு வாங்கியாந்து குடுத்துகீறா."

"இன்னா சில்லு?"

"கிதாரு வாசிக்கிற சில்லு."

"அதுக்கு?"

"அது நல்லா கீதுக்கா."

ராஜாம்பாள் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள். "நல்லா கீதுன்னா சந்தோசப்படு. இதுக்கா மூக்கச் சிந்திக்கினு கீற?"

"நான் செஞ்சத விட நல்லா கீது. அவளுக்குக் காது என்ன விட ஜாஸ்தி போல."

"காதாவது மூக்காவது! கலியாணம் ஆவாத பொம்பள, பாண்டிச்சேரி வரிக்கும் போனவ, அடுத்தவ புருசன நெனப்பு வெச்சி சாமான் வாங்கியாறான்னா அதுக்கு அர்த்தம் ஒண்ணுதாண்டி."

"அண்ணேன்னுதான் கூப்புடுறாளாம்."

"அண்ணேன்னு கூப்புடுறவளத்தான் நம்பக் கூடாது. பேரு சொல்லிக் கூப்புடுறவளக்கூட வூட்டுக்குள்ள வுடலாம்."

அப்படி இல்லையக்கா என்று அந்த இடத்திலேயே தைலம்மாள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காதில் தோற்றுப்போனேன் என்றால் யாருக்கும் புரியாது. புருசனைப் பறிகொடுக்கப் பார்க்கிறேன் என்றால் ஊரே கூட நின்று அழும். அழுகைக்குத் துணை கிடைத்தால் போதும் என்று வாயை மூடிக்கொண்டாள். கண்ணகி தலையில் ஒரு பழி போய் உட்கார்ந்ததைப் பார்த்து, உள்ளுக்குள் கொஞ்சம் குளிரவும் குளிர்ந்தது.

ஆனாலும் காது சும்மா இருக்கவில்லை. அந்தச் சில்லை ஜெயிக்க ஒரு சில்லு செய்யாமல் விடுவதில்லை என்று பிடிவாதம் ஏறிவிட்டது. பிளாஸ்டிக்கில் கண்ணகியிடம் ஜெயிக்க முடியாது. எலும்பில் முயன்றாள், பொடிந்துபோனது. கடைசியில் கொம்பு ஞாபகம் வந்தது. கத்திக்குக் கொம்புப் பிடி போட்டவர்கள், அது வியர்வையில் வழுக்காது, விரிசலும் விடாது என்று சொல்லக் கேட்டிருக்கிறாள்.

கல்வராயன் மலையிலிருந்து கடுக்காயும் தேனும் கொண்டு வருகிற காத்தான் தெருவில் வந்தபோது, தனியே கூப்பிட்டுக் கேட்டாள்.

"எருமக் கொம்பு ஒண்ணு கெடைக்குமாண்ணே?"

"கொம்பா? எதுக்கும்மா?"

"வேணும். யாருகிட்டயும் சொல்லாத."

சொல்லாதே என்றால் காத்தான் சொல்லமாட்டான். ஆனால் அடுத்த தடவை அவன் தேக்கிலையில் சுற்றி எதையோ கொடுத்ததையும், தைலம்மாள் அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு விரசாக உள்ளே போனதையும் எதிர்வீட்டு ஜன்னல் பார்த்தது.

இருசப்பன் பயிற்சிக்குப் போன நாளாகப் பார்த்து, பழைய ஈயக் குண்டானில் தண்ணீர் விட்டுக் கொம்பைப் போட்டு வேகவைத்தாள். கொம்பு வெந்தால்தான் மசியும். ஆனால் அந்த நாற்றம்! மயிர் பொசுங்கினாற்போல், தெருக்கோடி வரைக்கும் போய்க் குடலைப் பிடுங்கியது. கதவைச் சாத்திக்கொண்டு சூட்டோடு சூடாகச் சீவினாள். சீவலை அம்மிக்கல்லுக்கு அடியில் வைத்து அமுக்கினாள். காய்ந்ததும் சாணைக்கல்லில் உரசி, செங்கல் பொடியில் தேய்த்து, விளக்கெண்ணெய் தடவினாள். ஒன்று கோணிக்கொண்டது, ஒன்று பிளந்தது. திரும்பவும் அடுப்பை மூட்டினாள்.

மலைக்காரன் கொண்டுவந்து கொடுத்த பொட்டலம். மூடிய கதவு. கொம்பு வேகிற நாற்றம். புருசன்மேல் சந்தேகம் உள்ள பெண்டாட்டி. இதற்குமேல் தெருவுக்கு என்ன வேண்டும்? தைலம்மாள் மலை மருந்து வாங்கி வசியம் வைக்கிறாள், பாட்டுக்காரிக்குக் குரல் கட்டச் செய்வினை செய்கிறாள் என்று ஒரே நாளில் முடிவுகட்டிவிட்டார்கள். ராஜாம்பாள், "பாவம், வேற இன்னா பண்ணுவா அவ?" என்று பரிந்து பேசியே பேச்சைப் பரப்பினாள்.

இருசப்பன் காதுக்கும் வந்தது. அன்று சாயங்காலம் அவள் தட்டில் களி உருண்டையும் கீரையும் வைத்தபோது அவன் உட்காரவே இல்லை.

"எனக்கு வாணாம்."

"ஏன், கடையில துன்னுட்டியா?"

"இனிமே கடையிலதான் துன்னுவன்."

"இன்னாத்துக்கு?"

"அடுப்புல கொம்ப வேக வெச்சியா இல்லியா? அதச் சொல்லு மொதல்ல."

தைலம்மாளுக்குப் புரிய சற்று நேரமாயிற்று. புரிந்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு வந்த வழியே போய்விட்டது. அவன் நிஜமாகவே பயந்திருந்தான்.

"நான் உனக்கு மருந்து வெப்பனா மாமா? இந்தக் கையால?"

"அப்ப கொம்பு இன்னாத்துக்கு?"

வாய் வரைக்கும் வந்தது. உனக்குச் சில்லு செய்யத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் சொன்னால் என்ன ஆகும்? அவன் சிரிப்பான். சிரித்துவிட்டு, அந்தச் சில்லைக் கொண்டுபோய்க் கண்ணகியிடம் வாசித்துக் காட்டி, எப்படி இருக்கிறது என்று அவளைக் கேட்பான். அவள் ஒன்று சொல்வாள், அதை இவன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவான். அதைக் கேட்பதற்குச் செய்வினைக்காரி என்ற பேரே மேல் என்று தோன்றியது.

"எனக்கு வேணும், வேக வெச்சன். உன் சோத்துல ஒண்ணும் போடல. நம்பினா துன்னு, நம்பாட்டிப் போ."

அவன் போனான். அன்றிலிருந்து முக்குப் பரோட்டாக் கடையில் சாப்பாடு. வெட்டுக்குப் போகிறபோது அவள் தூக்கில் ஊற்றி வைத்த கூழை அப்படியே விட்டுப் போனான். காலையில் வைத்த கூழைச் சாயங்காலம் அவளே குடித்தாள். கட்டினவன் அடித்தாலும் உதைத்தாலும் தெரு பார்த்துவிட்டு மறந்துவிடும். கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவும் அஞ்சுகிறான் என்றால் அவள் பெண்டாட்டியாய் இருந்து என்ன பிரயோசனம்? அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். போனால் கண்ணகிக்கு வழிவிட்டது போலாகும் என்று போகவில்லை.

சித்திரையில் மலைமேல் வெள்ளிமலைக்கு அந்தாண்டை ஓர் ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்குக் கச்சேரி. ஆலை வேலை ஓய்ந்திருந்தது. வேன் தெருவுக்கு வந்தபோது தைலம்மாள் தலையைச் சீவிப் பூ வைத்துக்கொண்டு, கேட்காமல் கொள்ளாமல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"நீ எங்க வர்ற? எறங்குடி," என்றான் இருசப்பன்.

"சாமி கும்புட வர்றன். மாரியாத்தா உனக்கு மட்டுமா சொந்தம்?"

அரங்கநாதன் முன்சீட்டிலிருந்து திரும்பினார். "வுடுப்பா. வரட்டும். ஊர்வாய்க்கு அதுவும் ஒரு மருந்துதான்." மருந்து என்ற வார்த்தை வாயிலிருந்து விழுந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கள்ளக்குறிச்சியில் கண்ணகி ஏறினாள். தைலம்மாள் மனசில் கட்டி வைத்திருந்த மினுக்கிக்கும் இவளுக்கும் சம்பந்தமே இல்லை. நோஞ்சான் உடம்பு, ஊசி குத்திக் குத்திக் கறுத்த விரல் நுனி, தொண்டையைச் சுற்றி ஒரு துண்டு. அவளுக்கும் இவளை யார் என்று தெரிந்தது. உட்கார்ந்ததும், கழுத்தில் புதிதாய்க் கட்டியிருந்த தாயத்தைத் தன்னையறியாமல் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அது யாருக்குப் பயந்து கட்டியது என்று தைலம்மாளுக்கு விளங்காமல் இல்லை. அவமானத்தில் காது சூடேறியது. இத்தனை தொலைவுக்குப் போய்விட்டதா?

கச்சிராயபாளையம் தாண்டி வேன் மலையேறியது. ஒரு வளைவில் இஞ்சின் ஆற நிறுத்தினார்கள். தைலம்மாள் விடிகாலையில் எழுந்து கட்டிய புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். "இப்பத்தான் டீ குடிச்சன்," என்று இருசப்பன் வெளியே பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணகி டிபன் பாக்ஸைத் திறந்து எல்லோருக்கும் எலுமிச்சஞ்சோறு நீட்டினாள். அவன் வாங்கித் தின்றான். விரலைக்கூட நக்கினான். அப்போது தைலம்மாளுக்கு வந்த வெறிக்கு, வேனை அந்தப் பள்ளத்தில் உருட்டிவிட்டிருந்தாலும் தப்பில்லை.

மலையில் கரண்ட்டை நம்ப முடியாது. பொழுதோடு முடித்துவிட வேண்டுமென்று ஜெனரேட்டர் வைத்து மத்தியானமே கச்சேரியைத் தொடங்கினார்கள். சாமை அறுத்த கொல்லையில் மேடை. மூன்று பக்கமும் மலை, மேலே திறந்த வானம், ஊசிக் காற்று. ஜனங்கள் பலாமரத்தடியில் குந்தியிருந்தார்கள்.

முதல் பாட்டிலேயே தைலம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. கிதார் சத்தம் மேடையைத் தாண்டி வரவில்லை. அந்த மெல்லிசுச் சில்லு நாலு சுவருக்குள் கேட்க இனிப்புத்தான். இங்கே ஜெனரேட்டர் உறுமுகிறது, டிரம்ஸ் இடிக்கிறது, மிச்சத்தைக் காற்று வாரிக்கொண்டு போகிறது. சில்லு கம்பியில் படபடக்கிற சத்தம் மட்டும் ஸ்பீக்கரில் கேட்டது, ஸ்வரத்தைக் காணோம். அரங்கநாதன் ஆம்ப்ளிஃபயரைத் திருகினார். அது ஊய்யென்று ஊளையிட்டது. பிள்ளைகள் எழுந்து ராட்டினத்துக்கு ஓடின.

ஊர்க்கவுண்டர் பக்கத்து ஆளிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. "பொண்ணு நல்லாத்தான் பாடுது. அந்த ஆளு கம்பியச் சொரண்டிக்கிட்டு நிக்கிறானே, சத்தம் ஒண்ணுங் காணமே?"

இருசப்பனுக்கு வியர்த்து ஊற்றியது. கண்ணகி இரண்டு மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள். தைலம்மாளுக்கு முதலில் கொண்டாட்டமாக இருந்தது. பாண்டிச்சேரிச் சில்லே, உன் லட்சணம் தெரிந்ததா என்று உள்ளுக்குள் ஆடினாள். அப்புறம் புருசன் கூனிக்குறுகி நிற்பதைக் காணச் சகிக்கவில்லை. சிரிக்கவேண்டுமானால் அவனைப் பார்த்து அவள் சிரிப்பாள். ஊர் எதற்குச் சிரிக்க வேண்டும்?

இடைவேளை விட்டார்கள். எல்லோரும் டீக்குப் போனார்கள். "சாமான் பக்கம் கொஞ்சம் இரும்மா," என்று அரங்கநாதன் அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். கிதார் நாற்காலியில் சாய்ந்திருந்தது. கம்பிகளுக்கு இடையில் அந்தச் சில்லைச் செருகி வைத்திருந்தான். பொன் எழுத்து வியர்வையில் அழிந்துபோயிருந்தது. தைலம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கொம்புச் சில்லு, எண்ணெய் குடித்து அதே காப்பி நிறத்தில் இருந்தது. தடிமன் மட்டும் இரண்டு பங்கு. அந்தச் செத்த கட்டைவிரலுக்கு எங்கே தெரியப்போகிறது? அதை எடுத்து இதைச் செருகினாள். பழையதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுபடி தொடங்கினார்கள். இருசப்பன் அரைமனதாக மீட்டினான். மீட்டியவன் திடுக்கிட்டு ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தான். திரும்பவும் மீட்டினான். ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, உருண்டு திரண்டு, பலாமரத்தைத் தாண்டிப் போய் எதிர்மலையைத் தொட்டது. முட்டுகிற சத்தம் இல்லை, உரசுகிற சத்தம் இல்லை. மரத்தடியில் பேச்சு நின்றது. ராட்டினத்துக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்தன. தைலம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தன் கை செய்த சத்தத்தை ஒரு மலையே உட்கார்ந்து கேட்கிறது.

அந்தப் பாட்டின் நடுவில் கண்ணகி திரும்பினாள். இருசப்பன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் வலது கையைப் பார்த்தாள். அவன் அது தெரியாமல், முகமெல்லாம் சந்தோஷமாய் அவளைப் பார்த்துச் சிரித்தான். நீ வாங்கிக் கொடுத்தது வேலை செய்கிறது பார் என்கிற சிரிப்பு. தைலம்மாளுக்கு உரிய சிரிப்பு அது. அவள் கண் முன்னால் அது இன்னொருத்திக்குப் போய்ச் சேர்ந்தது. எழுந்து நின்று கத்தலாமா என்று இருந்தது. கத்தி என்ன சொல்வது?

பொழுது இறங்க, கச்சேரி முடிந்தது. ஊர்க்கவுண்டர் இருசப்பனுக்குத் துண்டு போர்த்தினார். அவன் எல்லார் முன்னிலையிலும், "எல்லாம் கண்ணகி வாங்கிக் குடுத்த பிளக்ட்ரம்ங்க. மொதல்ல அதுக்கு மலைக்காத்து ஒத்துக்கல, அப்பறம் பழகிக்கிச்சி," என்றான். தைலம்மாள் தண்ணீர்த் தொட்டியடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது கண்ணகி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா."

"இன்னா?"

"அது நான் வாங்கிக் குடுத்தது இல்லிங்க."

தைலம்மாள் முகத்தைத் துடைத்தாள்.

"எங்குரலு சன்னம்க்கா. கிதாரு கனமா வந்தா முழுங்கிடுதுன்னுதான் மெல்லிசா வாங்கினன், எம்பாட்டு எடுக்கணும்னு. வெளிய அது நிக்காதுன்னு எனக்குத் தெரியில. இது கனமாவும் கீது, ஆனா எங்குரலு மேல ஏறல. கூடவே வருது. எதுலக்கா செஞ்சீங்க?"

இத்தனை நாளாய் இந்தக் கேள்விக்காகத்தான் அவள் ஏங்கிக் கிடந்தாள். அது இவள் வாயிலிருந்தா வர வேண்டும்? சந்தோஷம் தொண்டை வரைக்கும் வந்தது, கூடவே பொறாமையும் ஏறிக்கொண்டு வந்தது. காதிருக்கிறது இவளுக்கு. நிஜமாகவே இருக்கிறது.

"கொம்பு."

கண்ணகி விழித்தாள். கை தாயத்துக்குப் போனது. "அந்தக் கொம்பா? இதுக்கா வேக வெச்சீங்க?"

"பின்ன, உன் தொண்டையக் கட்டவா?"

கண்ணகிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திச் சிரித்தாள். தைலம்மாள் சிரிக்கவில்லை.

"அண்ணன்கிட்ட நான் சொல்றங்க. வூட்டுல சோறே துன்றதில்லியாமே? பாவம்க்கா நீங்க. இப்பவே போயி சொல்றன்."

"வாணாம்."

"ஏங்க?"

"நீ சொன்னா நம்புவாரு. அதான் வாணாம்."

"என்னுது எங்கக்கா?" என்று கண்ணகி மெதுவாகக் கேட்டாள்.

"முந்தானையில கீது. வேணுமா?"

"இருக்கட்டுங்க. கொட்டாயில பாடுறப்ப ஆவும்."

கோயிலடியில் விருந்து. மந்தார இலை போட்டுச் சாமைச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் ஊற்றினார்கள். குழுவினர் வரிசையாக உட்கார்ந்தார்கள். இருசப்பன் பசியோடு இலைக்கு முன்னால் சம்மணம் போட்டான். ஒரு ஆள் தள்ளிக் கண்ணகி. பரிமாறிக்கொண்டு வந்த வெள்ளச்சி என்ற மலைப் பெண்ணுக்கு இடுப்பில் கைக்குழந்தை. அது வீறிட்டு அழ, அவள் குழம்பு வாளியைத் தைலம்மாளிடம் கொடுத்தாள்.

"கொஞ்சம் ஊத்திக்கிட்டுப் போ தாயி, இவன அமத்திட்டு வர்றன்."

தைலம்மாள் வாளியோடு வரிசையில் வந்தாள். இருசப்பன் அரங்கநாதனிடம் என்னவோ சொல்லிக்கொண்டே, "இங்க ஊத்தும்மா," என்று இலையைக் காட்டினான். அவள் கரண்டியில் மொண்டாள். அவன் நிமிர்ந்து, யார் கை என்று பார்த்தான். பேச்சு அறுந்தது. கை தானாக இலையின் மேல் வந்து மூடிக்கொண்டது.

வரிசையே பார்த்தது. ஊர்க்கவுண்டர் பார்த்தார். தைலம்மாள் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். குழம்பு சொட்டிச் சொட்டி வாளியில் விழுந்தது. ஊர் பேர் தெரியாத இந்த ஜனங்கள் முன்னாலுமா?

"அக்கா, எனக்கு ஊத்துங்க மொதல்ல. பசி தாங்கல," என்று கண்ணகி தன் இலையை இழுத்து முன்னால் வைத்தாள்.

தைலம்மாள் ஊற்றினாள். கண்ணகி பிசைந்தாள். எல்லாரும் பார்க்கப் பெரிய கவளமாக உருட்டி வாயில் போட்டு மென்றாள். காரம் ஏறி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம்க்கா," என்றாள்.

இருசப்பன் கண்ணகியின் முகத்தைப் பார்த்தான். அவள் விழுங்குகிறவரை பார்த்தான். அப்புறம் இலைமேலிருந்து கையை எடுத்தான். தைலம்மாள் ஊற்றினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடத் தொடங்கினான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் கையால் விழுந்ததைச் சாப்பிட்டான். கெஞ்சியும் திட்டியும் அழுதும் அவளால் தின்ன வைக்க முடியாத சோற்றை, இவள் ஒரு வாய் தின்று காட்டித் தின்ன வைத்துவிட்டாள்.

அவன் இரண்டாந்தரம் குழம்பு கேட்டான். தைலம்மாள் ஊற்றினாள். வயிறு எரிய எரிய, வழிய வழிய ஊற்றினாள்.